மறைத்த நோயும் பொது நீரும்

மீன் பண்ணை வைத்திருக்கும் குடியானவன் ஒருவன் விடியற்காலையில் குளக்கரைக்குச் செல்கிறான். முந்தின நாள் வரையில் தீனியைக் கண்டதும் துள்ளி வந்த மீன்கள் இன்று வரவில்லை. சில கரையோரமாகச் சோர்ந்து ஒதுங்கி நிற்கின்றன. சில வயிறு மேலாக மிதக்கின்றன. மறுநாள் இருபது, அதற்கு மறுநாள் இருநூறு என்று கணக்கு ஏறுகிறது. அப்போது அவன் என்ன செய்வான்? மீன்வளத்துறை அலுவலகத்துக்கு ஓடிச் சென்று, தன் குளத்தில் தொற்றுநோய் கண்டிருக்கிறதென்று தெரிவிப்பானா? தெரிவிக்க மாட்டான். தெரிவித்தால் வியாபாரி வரமாட்டான்; கடன் கொடுத்தவன்தான் வருவான். ஆகையால், பிழைத்திருக்கும் மீனை இரவோடிரவாகப் பிடித்துக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, குளத்து நீரை வாய்க்காலில் திறந்துவிட்டு, வாய்மூடி இருந்துவிடுவான். அந்த வாய்க்கால் நீரையே அடுத்த பண்ணைக்காரன் மறுநாள் தன் குளத்துக்கு இறைத்துக்கொள்கிறான்.

இந்தக் குடியானவனைத் தூஷிப்பது நமது நோக்கமன்று. அவனுக்கு வேறு வழி வைக்காத ஏற்பாட்டையே நாம் குறை கூறுகிறோம். வளர்ப்பு மீன்களைத் தாக்கும் வைரஸ் நோய்களைப் பற்றி விஞ்ஞானிகள் அறிந்திருப்பது சிறிதன்று. அவற்றைத் தடுக்கும் முறைகளும் தெளிவாகத் தெரிந்தவையே. எனினும், நோயைச் சொல்பவன் நஷ்டமடைந்து, மறைப்பவன் தப்பித்துக்கொள்ளும் நிலைமை நீடிக்கும் வரையில் அந்த அறிவு முழுவதும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

மீன் வளர்ப்பை இன்னும் சிலர் ஓய்வு நேரத்து உபதொழிலாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் காலத்துக்குப் பொருந்தாது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் வருஷத்தில் உலகம் முழுவதிலும் வளர்த்தெடுக்கப்பட்ட மீன், இறால் முதலிய நீர்ப்பிராணிகளின் அளவு 9 கோடியே 44 லட்சம் டன். கடலிலும் ஆற்றிலும் பிடிக்கப்பட்டதை வளர்க்கப்பட்டது மிஞ்சியது அவ்வருஷத்திலேதான் முதன்முறை. ஏழை ஜனங்களின் தட்டில் விழும் மீன் இனிக் கடலை நம்பியதைக் காட்டிலும் குளத்தை நம்பியதாகவே இருக்கும். அந்தக் குளத்தில் புகும் நோய் குடியானவன் ஒருவனுடைய சொந்த விவகாரமாகாது. நாட்டின் உணவைப் பற்றிய விவகாரமாகும்.

வைரஸ் என்பது சாதாரணப் பூதக்கண்ணாடிக்கு அகப்படாத அணுப் பிரமாணமான நச்சு. அது தனித்து நின்று பெருகும் சக்தியற்றது. பிராணியின் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து, அவ்வணுவின் பலத்தையே தன் பலமாகக் கொண்டு பெருகுகிறது. ஆகவே பாக்டீரியாக்களைக் கொல்லும் கிருமிக்கொல்லி மருந்துகள் அதனை ஒன்றும் செய்யமாட்டா. ஒரு பண்ணையில் வைரஸ் நோய் புகுந்துவிட்டதென்றால், அங்குள்ள மீன்களைக் குணப்படுத்தக்கூடிய மருந்து இன்று கிடையாது. இவ்விஷயத்தைக் குடியானவனுக்கு எவரும் ஒளிவுமறைவின்றிச் சொல்வதில்லை. மீன் மடியத் தொடங்கியதும் கடைக்காரர் கொடுக்கும் மருந்தை வாங்கித் தீனியில் கலந்து போடுகிறான். பணம் போகிறது, மீன் பிழைப்பதில்லை. மருந்தின் மிச்சம் மீனின் சதையில் தங்கி, ஏற்றுமதிச் சரக்கு திருப்பி அனுப்பப்படுவதற்குக் காரணமாகிறது. மனிதரைத் தாக்கும் கிருமிகளும் அம்மருந்துக்கு அடங்காமற் போகும் அபாயம் வளர்கிறது. கையில் மருந்தில்லாத நோய்க்குக் காவல் ஒன்றே மருந்து. தும்பை விட்டு வாலைப் பிடித்து இங்கே பயனில்லை.

இதற்குச் சிலி தேசம் கொடுத்த விலையை நமது நேயர்கள் அறிந்திருப்பது நல்லது. தென் அமெரிக்காவின் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள அத்தேசத்தார், தங்கள் கடலுக்குச் சொந்தமல்லாத சால்மன் மீனைக் கடலில் மிதக்கும் கூண்டுகளில் வளர்த்து, இருபது வருஷங்களுக்குள் உலகச் சந்தையில் நார்வேக்கு அடுத்த இடத்தைப் பிடித்தார்கள். சீலோயே தீவைச் சுற்றியுள்ள கடற்கால்களில் பண்ணைகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. கூண்டுகளில் மீனும் நெருங்கி நின்றது. ஒரு பண்ணையின் மீனை உயிரோடு படகிலேற்றி மற்றொரு பண்ணைக்குக் கொண்டுசெல்வது சகஜமாயிருந்தது. 2007-ம் வருஷம் ஜூலை மாதத்தில், சால்மன் மீனின் இரத்தத்தை வற்றச் செய்யும் ஒரு வைரஸ் நோய் அங்குள்ள பண்ணையொன்றில் கண்டறியப்பட்டது. அந்த வைரஸ் மனிதரிடத்தில் இன்புளூயன்சா ஜுரத்தை உண்டாக்கும் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து தருவிக்கப்பட்ட சினைமுட்டைகளோடு அது வந்திருக்கக்கூடுமென்று மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த விஞ்ஞானிகள் சிலர் கருதினார்கள். வந்த வழி எதுவாயினும், பரவிய வழி தெளிவானது. நெருக்கமும், படகுகளும், ஓய்வறியாத கடல் நீருமே அதைப் பரப்பின. 2005-ம் வருஷத்தில் 3,80,000 டன்னுக்கு மேலிருந்த அட்லாண்டிக் சால்மன் விளைச்சல், 2010-ல் அதில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு வீழ்ந்தது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். அதற்குப் பின்னரே அத்தேசத்துச் சர்க்கார் கடலை வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு வட்டாரத்துப் பண்ணைகளெல்லாம் ஒரே காலத்தில் மீன் விட்டு, ஒரே காலத்தில் அறுவடை செய்து, ஒரே காலத்தில் கூண்டுகளை வெறுமையாக வைத்திருக்க வேண்டுமென்று விதித்தது.

இதே நோய்க்கு நார்வே தேசம் செய்த பரிகாரம் இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே இந்நோய் 1984-ல் முதன்முதலாகக் காணப்பட்டது. 1990-ம் வருஷத்தை ஒட்டி எண்பதுக்கு மேற்பட்ட பண்ணைகளில் பரவியிருந்தது. அப்பொழுது நோயை உண்டாக்கும் வைரஸை எவரும் தனித்துப் பிரித்து அறிந்திருக்கவில்லை. அந்த அறிவு 1995-ல்தான் கைகூடிற்று. தடுப்பூசியும் இல்லை. எனினும் நார்வே அதிகாரிகள் காத்திருக்கவில்லை. ஒரு கடற்பண்ணையிலிருந்து மற்றொரு கடற்பண்ணைக்கு மீனை மாற்றுவதைத் தடுத்தார்கள். குஞ்சு பொரிக்கும் இடங்களில் சுத்தி செய்யாத கடல் நீரைப் பயன்படுத்தக் கூடாதென்றார்கள். மீன் அறுக்கும் சாலைகளின் கழிவு நீரைச் சுத்திகரித்தே வெளியே விடவேண்டுமென்றார்கள். வெவ்வேறு வயதுடைய மீன்களை ஒரே இடத்தில் வளர்க்கும் வழக்கத்தை ஒழித்தார்கள். நோய் கண்ட செய்தியை உடனே தெரிவிப்பதைக் கடமையாக்கினார்கள். 1994-ல் புதிதாக நோய் கண்ட பண்ணைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகக் குறைந்தன. எதிரியின் முகத்தைக் காணுமுன்பே, கட்டுப்பாட்டினால் மட்டும் ஒரு தேசம் அவனை எல்லைக்குள் நிறுத்திற்று. விஞ்ஞானம் முழுமையடையட்டும், பிறகு பார்க்கலாமென்று சோம்பியிருப்போருக்கு இதைக் காட்டிலும் தக்க மறுமொழி வேறில்லை.

அந்நிய தேசத்துக் கதை நமக்கெதற்கென்று ஒருவர் கேட்கலாம். நமது கரையிலும் இக்கதை நடந்ததுண்டு. 1990-க்குப் பிறகு ஆந்திரக் கடற்கரையிலும் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் இறால் பண்ணைகள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. 1994-ம் வருஷத்திலும் அதற்கடுத்த வருஷத்திலும் வெண்புள்ளி நோய் என்ற வைரஸ் நோய் அவற்றில் புகுந்தது. ஓட்டில் வெண்புள்ளிகளோடு கரையோரம் ஒதுங்கிய இறால், சில நாட்களுக்குள் குளம் குளமாக மடிந்தது. அன்று பண்ணைக்காரர்கள் செய்ததென்ன? நாம் தொடக்கத்தில் சொன்ன குடியானவன் செய்ததையே செய்தார்கள். நோய்கொண்ட குளத்து நீர் ஓடையில் கலந்தது. ஓடை நீர் அடுத்த குளத்தில் ஏறிற்று. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பண்ணை போட்டவர்கள் ஓட்டாண்டிகளானார்கள்.

பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு நிகழ்ந்ததும் நினைவுகூரத்தக்கது. 2009-ல் வன்னாமி என்னும் அமெரிக்க இறாலை வளர்க்க அநுமதித்தபோது, மத்திய சர்க்கார் தாய் இறாலைக் கண்டபடி இறக்குமதி செய்ய விடவில்லை. குறிப்பிட்ட நோய்களில்லாதவையென்று நிரூபிக்கப்பட்ட தாய் இறால்களே வரலாமென்றும், அவையும் சென்னை நீலாங்கரையிலுள்ள நோய்த்தடுப்புக் காவல் நிலையத்தில் தங்கிப் பரீட்சைக்குட்பட்ட பின்னரே பொரிப்பகங்களுக்குச் செல்லலாமென்றும் விதித்தது. அதன் பின் இந்தியா இறால் ஏற்றுமதியில் உலகின் முன்னணிக்கு வந்தது. வெண்புள்ளி நோய் அடியோடு ஒழிந்துவிடவில்லையென்பது உண்மை. ஆயினும் வாசலில் காவல் வைத்தால் வீட்டுக்குள் வாழ்வு உண்டென்பது நமது ஊரிலேயே ருஜுவாகியிருக்கிறது.

இறாலுக்கு வைத்த காவலை மீனுக்கும் வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நமது ஜனங்கள் ஜிலேபிக் கெண்டை என்றழைக்கும் திலேப்பியா, மலிவான மீன்; ஏழையின் மீன். அதைத் தாக்கும் ஏரி வைரஸ் என்னும் புதிய நோய், 2009-ம் வருஷத்திலிருந்து இஸ்ரவேல் தேசத்துக் கலிலேயா ஏரியிலும் பண்ணைகளிலும் மீன்களை மடியச் செய்து, 2014-ல் விஞ்ஞானிகளால் அடையாளம் காணப்பட்டது. 2017-ல் உணவு விவசாய ஸ்தாபனம் உலக தேசங்களுக்கெல்லாம் எச்சரிக்கை விடுத்தது. 2018-ல் மேற்கு வங்காளத்திலும் கேரளத்திலும் அந்நோய் கண்ட செய்தி பிரசுரமாயிற்று. அவ்விடத்துப் பண்ணைகளில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் மீன்கள் மடிந்தனவென்று ஆராய்ச்சியாளர் எழுதினர். கண் மங்குதல், தோல் அரிப்புண்ணுதல், தீனி எடுக்காமை, சோர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். குஞ்சுகளைப் புதிதாகக் குளத்தில் விட்ட முதல் மாதத்திலேயே பெரும்பாலும் சாவு நேருகிறது. தாய் மீனிடமிருந்து குஞ்சுக்கும் இது செல்லக்கூடியதென்று கண்டிருக்கிறார்கள்.

வெளித்தோற்றத்தை நம்பி மீன் வாங்குவது எவ்வளவு அபாயமென்பதற்கு இந்தோனேஷியா சாட்சி. 2002-ல் கிழக்கு ஜாவாவிலுள்ள பிளித்தார் என்னும் ஊருக்கு அந்நிய நாட்டிலிருந்து அழகிய கோய் கெண்டைகள் வந்தன. அவற்றோடு கெண்டை இனத்தைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸும் வந்தது. ஜாவா முழுவதும் பரவி, 2004-ல் கடல் தாண்டிச் சுமத்திராவிலுள்ள தோபா ஏரியையும் எட்டியது. அலங்காரத்துக்கு வந்த மீன், ஜனங்களின் உணவு மீனை அழித்தது. நோயிலிருந்து பிழைத்த மீன் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். அதன் உடலில் வைரஸ் உறங்கிக்கொண்டிருக்கும். சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்பால் ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் அநேகம். அவர்களுடைய தொட்டிகளுக்குள் எந்தத் தேசத்து மீன் எவ்விதப் பரீட்சைக்குப் பின் வருகிறதென்பதில் அவர்களுக்கே எல்லோரைக் காட்டிலும் அதிகக் கவலை இருக்க வேண்டும்.

பண்ணைக்காரர் தம் கையாலேயே செய்யக்கூடிய காவல்கள் பல உண்டு, பெருஞ்செலவில்லாதவையும் உண்டு. அறுவடை முடிந்ததும் குளத்தை வற்றவைத்து, மண் வெடிக்கும்படி வெயிலில் காயவிட்டுச் சுண்ணாம்பு இடவேண்டும். நீரை நெருக்கமான வலைத்துணியில் வடித்தே உள்ளே விடவேண்டும். அநுமதி பெற்ற பொரிப்பகத்தில், தாய் மீனும் குஞ்சும் பரீட்சிக்கப்பட்டனவா என்று கேட்டே குஞ்சு வாங்கவேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று வழியோரத்தில் வாங்கும் குஞ்சு, முடிவில் விலையுயர்ந்த குஞ்சாகும். புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்கவேண்டும். அடுத்த பண்ணையின் வலையை இரவல் வாங்குவது, நோயையும் இரவல் வாங்குவதாகும். செத்த மீனை அன்றன்றே பொறுக்கி, நீர்நிலைக்கு எட்டாத இடத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டும். குளம் தாங்கும் அளவுக்கு மேல் குஞ்சு விடக்கூடாது. நெருக்கடியில் நிற்கும் மீன் நோயை எதிர்க்கும் பலத்தை இழக்கிறது.

தடுப்பூசி வந்துவிட்டால் இத்தனை தொல்லை எதற்கு என்று சிலர் எண்ணலாம். கொடுவா மீன் குஞ்சுகளின் மூளையையும் கண்ணையும் தாக்கும் நோடா வைரஸுக்கு எதிராகச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். அது பாராட்டத்தக்க காரியம். ஆனால் ஒரு வைரஸுக்குச் செய்த மருந்து மற்றொரு வைரஸுக்கு உதவாது. முட்டையிலிருந்து வந்த சில நாட்களில் தாக்கும் நோயைத் தடுக்க அந்தச் சிறு குஞ்சுக்கு ஊசி போடுவதும் இயலாது. தாய் மீனைச் சோதிப்பதும் காப்பதுமே வழி. தடுப்பு மருந்து காவலுக்குத் துணையாகலாம்; காவலுக்குப் பதிலாகாது.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு பண்ணையில் நோய் புகலாம். அப்பொழுதுதான் நாம் முதலிற் கேட்ட கேள்வி மறுபடியும் எழுகிறது. அவன் சொல்வானா, மறைப்பானா? மத்திய சர்க்கார் 2013 முதல் நீர்ப்பிராணிகளின் நோய்களைக் கண்காணிக்கும் தேசீயத் திட்டமொன்றை நடத்திவருகிறது. 2023-ல், கைபேசியின் மூலமாகவே மீன் நோயைத் தெரிவிப்பதற்கு ஒரு செயலியையும் வெளியிட்டது. நல்லதே. ஆயினும் கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் மனிதன் சொல்லிவிடுவானா? சொன்னபின் தன் கதி என்னவாகுமென்று அவன் அறிந்தாலன்றோ சொல்வான்!

கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் வரும்போது என்ன செய்கிறார்கள்? சுற்றுவட்டாரத்துக் கோழிகளை அழிக்க உத்தரவிடும் சர்க்கார், அழிக்கப்பட்ட கோழிகளுக்கு நஷ்டஈடும் கொடுக்கிறது. பொது நன்மைக்காக ஒருவன் தன் சொத்தை இழக்கும்போது, அந்த இழப்பில் பொதுஜனங்களும் பங்கேற்பது நியாயம் என்பதே அதன் தத்துவம். கனடா தேசத்தில் இத்தத்துவம் மீனுக்கும் செல்லும். 2012-ல் அதன் கிழக்குக் கடற்கரையில் நோய்கொண்ட சால்மன் மீன்களை அழிக்க உத்தரவிட்டபோது, சட்டப்படி நஷ்டஈடு வழங்கப்பட்டது. நமது நாட்டிலும் நோயைத் தானே முன்வந்து தெரிவித்து, அதிகாரிகள் சொன்னபடி குளத்தை மூடி, நீரைச் சுத்திகரித்து, மீனை அழிக்கும் பண்ணைக்காரனுக்கு, மறு விதைப்புக்காவது போதுமான தொகை உறுதியாகவும் தாமதமின்றியும் கிடைக்கவேண்டும். 2024-ல் மத்திய மந்திரி சபை ஒப்புக்கொண்ட மீன்வளத் திட்டத்தில் மீன் வளர்ப்புக் காப்பீட்டுக்கு உதவித்தொகை சேர்க்கப்பட்டிருக்கிறது. அது சிறு பண்ணைக்காரனையும், குத்தகைக் குளக்காரனையும் சென்றடையுமாறு பார்ப்பது அதிகாரிகளின் பொறுப்பு.

இதனால் பொய்க் கோரிக்கைகள் பெருகுமென்று பொக்கிஷத்தைக் காப்போர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆனால் வைரஸ் நோயைச் சோதனைச்சாலையில் திட்டமாக ருஜுப்படுத்தலாம். மாதிரியை எடுத்துச் சோதிக்காமல் ஒரு காசும் கொடுக்கவேண்டியதில்லை. மேலும், பரீட்சித்த குஞ்சு வாங்கியதற்கும் குளத்தைக் காயவைத்ததற்கும் கணக்கு வைத்திருப்பவனுக்கே நஷ்டஈடென்று விதித்தால், அவ்விதியே நற்பழக்கத்தைப் பரப்பும். சொன்னவனுக்கு உதவி இருப்பதுபோல், நோயென்று தெரிந்தும் குளத்து நீரைப் பொது வாய்க்காலில் திறந்துவிட்டவனுக்குத் தண்டனையும் இருக்கவேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நியாயமுமாகாது, பலிக்கவும் பலிக்காது. ஒரு குளத்து நஷ்டத்தில் பங்கேற்க மறுக்கும் சர்க்கார், ஒரு ஜில்லாவின் நஷ்டத்தை வேடிக்கை பார்க்க நேரும்.

பத்திரிகைகளுக்கும் பொதுஜனங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நாம் மேலே கூறிய மீன் வைரஸ்கள் மனிதரைத் தொற்றுவதாகக் கண்டதில்லை. இந்த உண்மையைச் சொல்லாமல் நோய்ச் செய்தியை மட்டும் பெரிய எழுத்துக்களில் போட்டால், சந்தையில் மீன் வாங்க ஆளிராது. நோயில்லாத பண்ணைக்காரனும் அழிவான். அந்தப் பயமே நோயை மறைப்பதற்குக் காரணங்களில் ஒன்று. செய்தியை மறைக்க வேண்டாம். பீதியைச் சேர்க்கவும் வேண்டாம்.

நிலத்துக்கு வரப்பு உண்டு; நீருக்கு வரப்பில்லை. என் குளம், உன் குளம் என்பதெல்லாம் பத்திரத்தில் எழுதிய எழுத்து. வைரஸுக்கு அப்பத்திரம் தெரியாது. ஓர் ஓடையை நம்பி வாழும் பண்ணைக்காரர் அனைவரும் ஒன்றுகூடி, ஒரே காலத்தில் குஞ்சு விடவும், ஒரே காலத்தில் குளத்தைக் காயவைக்கவும், நோய் கண்டவன் அன்றைக்கே அண்டை அயலாருக்குச் சொல்லவும் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும். அவ்வாறு சொன்னவனைக் கைவிடுவதில்லையென்று சர்க்கார் வாக்களித்து, வாக்கை நிறைவேற்றவேண்டும். செத்த மீனை வாரிக் கரையில் போட்டுவிட்டு வாய்மூடி நிற்கும் குடியானவன், அச்சமின்றி வாய் திறந்து தன் குளத்து நோயைச் சொல்லும் நாளே நமது மீன் குளங்களுக்குப் பாதுகாப்புப் பிறந்த நாளாகும்.